டயட் சார்ட் ஒட்டுவதற்கு முன்னால்

வெள்ளைச் சோற்றைக் குறைக்க வேண்டும், சர்க்கரை ஆகாது, எண்ணெய்ப் பலகாரம் பக்கமே போகக் கூடாது, ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இதெல்லாம் தெரியாதவர் இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு சேர்ந்தே தினமும் வந்து விழுகிறது. தெரியாமல் யாரும் சாப்பிடுவதில்லை. தெரிந்த பிறகும் கை தானாகப் போகிறதே, அதுதான் பிரச்சினை.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சார்ட்டைவிட ரொம்பப் பழைய கட்டளை ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருப்பதால்தான் கை போகிறது. "தட்டுல மிச்சம் வைக்காதே", "சோறு இறங்கினாத்தான் சாப்பிட்ட மாதிரி", "வேண்டாம்னு சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும்", "நம்ம உடம்பு வாகே இப்படித்தான்". பத்து வயதுக்குள் காதில் விழுந்தவை, யாரும் பாடமாக நடத்தாமலே மனப்பாடமானவை. அதைக் கண்டுபிடிக்காமல் சார்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் புதுசு புதுசாகச் சார்ட்தான் சேரும். இங்கே நான் சொல்லப்போவது, அந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விசாரிக்கிற முறை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வு நோயாளிகளிடம் கவனித்ததில் இருந்து வளர்ந்த சிகிச்சை முறையின் எளிய வடிவம்தான். ஒரு நினைப்பு சட்டென்று ஓடிவிடுகிறது, ஓடியது அந்த ஆளுக்கே தெரிவதில்லை, ஆனால் அதன்படிதான் மனசும் நடத்தையும் போகின்றன என்று அவர் கண்டார். சாப்பாட்டு விஷயத்திலும் இதே கதைதான்.

முதலில் வாக்கியத்தைப் பிடியுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும், போனிலேயே எழுதிக்கொண்டாலும் சரி. கலோரி எழுத வேண்டாம், கிராம் எழுத வேண்டாம். எந்த நேரம், எங்கே, என்ன சாப்பிட்டேன், அதற்குச் சற்று முன்னால் மண்டைக்குள் என்ன ஓடியது, இவ்வளவுதான். முக்கியமான ஒரு நிபந்தனை உண்டு, அப்போதே எழுதிவிட வேண்டும். ராத்திரி படுக்கும்போது மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் நினைவு தனக்கு வசதியாகக் கதை கட்டிவிடும். நாலு மணி முறுக்கு காணாமலே போய்விடும்.

"ஏன் சாப்பிட்டேன்?" என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்விக்கு "பசிச்சுது" என்று ஒரே பதில்தான் வரும், பல நேரம் அது பொய்யாகவும் இருக்கும். அதற்குப் பதிலாக, "இதை நான் சாப்பிடாமல் விட்டால்..." என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடித்துப் பாருங்கள். சாப்பிடாமல் விட்டால் வீணாகிவிடும். விட்டால் மாமியார் ஏதாவது நினைப்பார். விட்டால் நடு ராத்திரியில் பசிக்கும். விட்டால் இன்றைக்கு எனக்கென்று நடந்த ஒரே நல்ல விஷயமும் போய்விடும். கடைசியில் சொன்னதை ரொம்பப் பேர் எழுதத் தயங்குவார்கள். ஆனால் ஆபீஸ் முடிந்து வந்து பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க் சொல்லிக் கொடுத்துப் பாத்திரமும் கழுவி முடித்த பிறகு பத்தரை மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறப்பவருக்கு அதுதான் உண்மையான வாக்கியம்.

ராத்திரிச் சமையலறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். எல்லோரும் சாப்பிட்டாகிவிட்டது. சின்னவன் தட்டில் பாதி தோசை, ஓரம் கடிபட்டு, சட்னியில் ஊறிக் கிடக்கிறது. சாம்பார் சாதம் பாத்திரத்தின் அடியில் இரண்டு கரண்டி ஒட்டியிருக்கிறது. அதை எடுத்து வைக்க ஒரு டப்பா தேட வேண்டும், டப்பாவைப் பிறகு கழுவ வேண்டும், நாளைக்கு யாரும் தொடப்போவதும் இல்லை. அம்மா நின்றுகொண்டே தோசையை வாயில் போட்டுக்கொண்டு, சாதத்தையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைத் தொட்டியில் போடுகிறார். இதை அவர் சாப்பாடு என்றே கணக்கில் எடுப்பதில்லை. "நான் ராத்திரி ரெண்டு இட்லிதான், இருந்தும் வெயிட் ஏறுது" என்று டாக்டரிடம் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை, அவர் மனசில் அது சாப்பாடு இல்லை, பாத்திரம் ஒழிக்கிற வேலை. நோட்டில் எழுதினால்தான் அது வெளியே வரும்.

ஒரு வாரம் எழுதினால் போதும். ஐம்பது வாக்கியம் எல்லாம் சிக்காது. மூன்று நாலுதான் இருக்கும், அதுவே வேஷம் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். அடிக்கடி வருகிற ஒன்றை மட்டும் வட்டம் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அது யார் வாக்கியம்?

வட்டம் போட்டதை வாய்விட்டுப் படியுங்கள். யார் குரலில் கேட்கிறது? நிறையப் பேருக்கு அம்மாவின் குரலிலோ ஆச்சியின் குரலிலோ கேட்கும். சிலருக்கு ஸ்கூல் பி.டி. மாஸ்டர் குரலில். அந்த ஆள் எந்தக் காலத்தில், எந்த நிலைமையில் அதைச் சொன்னார் என்று யோசியுங்கள். இதில்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

"ஒரு பருக்கைகூட வீணாக்கக் கூடாது" என்பதை எடுத்துக்கொள்வோம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மக்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள், அந்தப் பேச்சு பல குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறைக்கு இருந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், 1960களின் நடுவில் மழை பொய்த்து அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, ரேஷனில் வரிசையில் நின்று, அமெரிக்கக் கோதுமையை வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல் முழித்த தலைமுறை இன்னும் நம் வீட்டிலேயே இருக்கிறது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது எவ்வளவு பெரிய வாக்குறுதியாக இருந்தது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் வளர்ந்த பெண் தன் பிள்ளையிடம் "தட்டைக் காலி பண்ணு" என்று சொன்னால் அதில் ஒரு தப்பும் இல்லை. அடுத்த வேளை நிச்சயம் இல்லாத இடத்தில், இருக்கும்போதே வயிறு முட்டச் சாப்பிடுவது புத்திசாலித்தனம். ஃப்ரிட்ஜும், போனைத் தட்டினால் அரை மணி நேரத்தில் வாசலுக்கு வரும் பிரியாணியும் இருக்கிற வீட்டுக்கு அந்த உத்தரவு பொருந்துமா என்பதுதான் கேள்வி.

இப்படிப் பார்ப்பதில் ஒரு லாபம், அம்மா மேல் கோபம் வராது. நம்மையும் திட்டிக்கொள்ள மாட்டோம்.

சில வாக்கியங்கள் பிறந்த காலத்திலும் நியாயமாக இருந்ததில்லை. "உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு" என்று கொன்றை வேந்தனில் படித்தோம். அதற்கு என்னென்னவோ நல்ல விளக்கம் சொல்வார்கள், நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. நடைமுறையில் என்ன நடந்தது என்றால், வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவதுதான் பெண்ணுக்கு ஒழுங்கு என்று ஆனது. குழம்பில் கறித்துண்டு தீர்ந்துபோயிருக்கும், சோறு மட்டும் நிறைய இருக்கும். பகல் முழுக்கப் பட்டினியாக வேலை, மூன்றரை மணிக்கு ஒரு குண்டான் சோறு. இந்த வழக்கத்தில் வளர்ந்த ஒருவரிடம் "நேரத்துக்குச் சாப்பிடுங்கள், புரதம் சேருங்கள்" என்று சார்ட் கொடுத்தால் அவருக்கு அது சுயநலமாகத் தெரியும். மீன் துண்டை முதலில் தன் தட்டில் எடுத்து வைக்கக் கை கூசும். அந்தக் கூச்சத்தை எந்த டயட்டீஷியனும் கேட்பதில்லை.

இரண்டாக வெட்டுங்கள்

ஒவ்வொரு நம்பிக்கையிலும் ஒரு உண்மைத் துண்டும் ஒரு கட்டளைத் துண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும். "சாப்பாட்டை வீணாக்கக் கூடாது" உண்மை. "ஆகவே நான் சாப்பிட்டு முடிக்க வேண்டும்" கட்டளை. முதலாவதில் இருந்து இரண்டாவது வர வேண்டிய அவசியமே இல்லை, தேவையில்லாத வயிற்றில் போட்டாலும் அந்தச் சோறு வீண்தான். உண்மையைக் காப்பாற்றுவதற்கு வேறு வழி தேடுங்கள்: அரை டம்ளர் அரிசி குறைத்து உலையில் போடுவது, பிள்ளைக்கு முதலில் பாதி தோசை மட்டும் வைத்துக் கேட்டால் மீதி வைப்பது, மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் பழையதாகச் சாப்பிடுவது. நம்பிக்கையோடு சண்டை போட்டால் அது ஜெயிக்கும். அதன் நியாயத்தை ஒப்புக்கொண்டு கட்டளையை மட்டும் மாற்றினால் விட்டுக்கொடுக்கும்.

"சப்பாத்தி சாப்பிட்டா வெயிட் குறையும்" என்பதையும் இதே போல வெட்டிப் பாருங்கள். அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் எடைக்கு எடை கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. முழுக் கோதுமையில் நார் கூடுதல், அது உண்மைத் துண்டு. ஆனால் "சப்பாத்தி டயட்" என்கிற பெயரில் எண்ணெய் விட்டுச் சுட்ட நாலு சப்பாத்தியும் தேங்காய் அரைத்த உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டுவிட்டு, ஒரு கப் சோறும் கீரையும் ரசமும் சாப்பிட்டவரைப் பார்த்துப் பாவப்படுகிற கொடுமை பல வீடுகளில் ராத்திரிதோறும் நடக்கிறது.

"இன்னைக்குக் கெட்டுப்போச்சு"

எல்லா வாக்கியத்திலும் ஆபத்தானது இது. காலையில் சத்தியம், பதினொரு மணிக்கு யாரோ பிறந்தநாள் கேக் நீட்டுகிறார்கள், ஒரு துண்டு உள்ளே போகிறது, "சரி, இன்னைக்குக் கெட்டுப்போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்". அதற்கப்புறம் மதியம் பரோட்டா, சாயங்காலம் பஜ்ஜி.

இதை ஆய்வுக்கூடத்திலேயே பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவிகளுக்கு மில்க்‌ஷேக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு, சிலருக்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு, ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று ஐஸ்கிரீமை முன்னால் வைத்துவிட்டு, எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்த அளவுக்கு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்களோ, மில்க்‌ஷேக் குடித்த பிறகு குடிக்காதபோது சாப்பிட்டதைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விரதம் முறிந்தது, இனி என்ன! வயிறு நிறைந்ததா இல்லையா என்பது அங்கே கேள்வியாகவே இல்லை, உள்ளே ஓடிய வாக்கியம்தான் கரண்டியைப் பிடித்திருக்கிறது.

கட்டுப்பாடு ரொம்ப இறுகினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டார். போருக்குப் பிறகு பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு எப்படி உணவு கொடுப்பது என்று தெரிந்துகொள்ள. அதுவரை சாப்பாட்டைப் பற்றி அப்படியொன்றும் நினைக்காத பையன்கள் சமையல் புத்தகம் சேகரிக்க ஆரம்பித்தார்கள், தட்டை நக்கினார்கள், கனவிலும் சாப்பாடுதான். பட்டினி முடிந்த பிறகும் சிலர் வயிறு வெடிக்கச் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்றார்கள். "எனக்கு வாயைக் கட்டத் தெரியலை, என்னிடம் மனஉறுதி இல்லை" என்று தன்னைத் திட்டிக்கொள்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது. காலையும் மதியமும் வெள்ளரிக்காயில் ஓட்டிவிட்டு ராத்திரி டப்பாவைத் திறப்பதற்குப் பெயர் மனஉறுதிக் குறைவு இல்லை, பசி.

ஆகவே இந்த வாக்கியத்துக்கான மருந்து ரொம்ப எளிது, ஆனால் செய்ய எரிச்சலாக இருக்கும். கேக் சாப்பிட்டாயிற்றா, அடுத்த வேளையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். குறைத்து ஈடுகட்ட வேண்டாம், "கெட்டுப்போன நாள்" என்று கணக்கை மூடவும் வேண்டாம். ஒரு நாளில் மூன்று வேளை தனித்தனியாக இருக்கிறது, ஒன்றின் பாவம் இன்னொன்றில் ஒட்டாது.

சோதனை போட்டுப் பாருங்கள்

யோசித்து மட்டும் எந்த நம்பிக்கையும் மாறாது. செய்து பார்த்து, பயந்தது நடக்கவில்லை என்று கண்ணால் காண வேண்டும். முன்கூட்டியே நோட்டில் எழுதுங்கள்: நான் இப்படிச் செய்தால் இன்னது நடக்கும் என்று நினைக்கிறேன், நூற்றுக்கு இவ்வளவு உறுதியாக நினைக்கிறேன். பிறகு செய்யுங்கள். என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, "அத்தை வீட்டில் இரண்டாவது தடவை வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்" என்பது உங்கள் வாக்கியம் என்றால், உறுதி தொண்ணூறு என்று எழுதிவிட்டுப் போங்கள். போய் "டயட்ல இருக்கேன் அத்தை" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அவர் சமையலைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும், போதாததற்கு "ஏற்கெனவே துரும்பா இளைச்சுட்டே" என்று இன்னொரு கரண்டி விழும். "அத்தை, வத்தக்குழம்பு பிரமாதம், ரசத்துக்கு இடம் வேணும், போதும்" என்று சொல்லிக்கொண்டே கையை இலைக்கு மேலே குடையாகப் பிடியுங்கள். செய்முறை கேளுங்கள். கிளம்பும்போது கொஞ்சம் குழம்பு டப்பாவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது நீங்கள் அவர் சமையலை மதிப்பதுதான், உங்கள் வயிற்றின் அளவு இல்லை என்பது பல நேரம் தெரிய வரும். நிஜமாகவே கோபித்துக்கொள்கிற அத்தைகளும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அப்படியானால் அந்தக் கோபம் எத்தனை நாள் நீடித்தது என்று எழுதுங்கள்.

"சோறு இல்லாட்டி தூக்கம் வராது" என்கிறவர்கள் நாலு நாள் ராத்திரி சோற்றைப் பாதியாக்கி, சுண்டலோ முட்டையோ பொரியலோ அந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். தூக்கம் வந்ததா? வராவிட்டால் சரி, உங்களுக்கு அந்த வாக்கியம் உண்மை, ராத்திரிச் சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு வேறு இடத்தில் கை வையுங்கள்.

பசியா, வாய் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: இப்போது முன்னால் வெறும் இட்லியும் தண்ணிச் சட்னியும் வைத்தால் சாப்பிடுவேனா? சாப்பிடுவேன் என்றால் பசிதான், தயங்காமல் சாப்பிடுங்கள். இல்லை, சமோசாதான் வேண்டும் என்றால் பசி இல்லை, வேறு ஏதோ. அப்போதும் சாப்பிடக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து, தட்டில் வைத்து, ருசித்துச் சாப்பிடுங்கள். திருட்டுத்தனமாக நின்றுகொண்டு விழுங்கினால் கணக்கில் சேராது, திருப்தியும் வராது.

திருப்தி என்பது வெறும் மனசு சமாச்சாரமும் இல்லை. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆலியா கிரம் என்ற உளவியலாளரும் குழுவினரும், 380 கலோரி கொண்ட ஒரே மில்க்‌ஷேக்கை, ஒரு தடவை 620 கலோரி கொழுத்த பானம் என்றும் இன்னொரு தடவை 140 கலோரி டயட் பானம் என்றும் லேபிள் ஒட்டிக் கொடுத்தார்கள். கொழுத்தது என்று நம்பிக் குடித்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் நன்றாக இறங்கியது. டயட் பானம் என்று நம்பியபோது அப்படி இறங்கவில்லை. "ஐயோ, இன்னைக்கும் ஓட்ஸ்தானா" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவதால் என்ன பலன் என்று யோசியுங்கள். பிடித்த கீரைக் கடைசலும் நல்ல மீன் குழம்பும் அளவாகச் சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

உடம்பைப் பற்றிய வாக்கியங்கள்

இவை சாப்பாட்டு வாக்கியங்களைவிட ஆழத்தில் கிடக்கும். கல்யாணத்துக்கு முன் "கொஞ்சம் இளைச்சா நல்ல இடம் அமையும்", கல்யாணம் ஆகி மூன்று மாதத்தில் "பூசின மாதிரி இருக்கே, சந்தோஷம்", குழந்தை பிறந்த பிறகு "என்ன இப்படி ஊதிட்டே". சொல்வது ஒரே ஆளாகவும் இருக்கலாம். ஆண்களுக்குத் தொப்பை வசதியின் அடையாளம், "நல்லா சாப்பிடுற பையன்" என்பது சான்றிதழ்.

"எங்க குடும்பமே இப்படித்தான்" என்பதில் உண்மைத் துண்டு பெரியது, உடல்வாகில் பரம்பரைக்கு நிஜமாகவே பெரிய பங்கு உண்டு. ஆகவே ஒல்லியான சிநேகிதியின் உடம்பைக் குறியாக வைக்க வேண்டாம். ஆனால் "அதனால் நான் என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது" என்பது கட்டளைத் துண்டு. எடை பெரிதாக மாறாவிட்டாலும் சர்க்கரை அளவு, கொழுப்பு, மாடிப்படி ஏறும்போது வாங்குகிற மூச்சு எல்லாம் மாறும்.

இதற்கு நேர் எதிர் வாக்கியம், "நான் ஒல்லிதானே, எனக்கென்ன". இதை நம்பித்தான் நம் ஊரில் நிறையப் பேர் நாற்பது வயதில் சுகரோடு வந்து நிற்கிறார்கள். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்குக் கை கால் மெலிந்து வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்கிற உடல்வாகு அதிகம். அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். தையல் டேப் எடுத்து ஒரு தடவை அளந்து பாருங்கள்.

எடை மெஷினில் தினமும் ஏறுகிறவர்களுக்கு ஒன்று. ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டாலே காலையில் ஒரு கிலோ கூடிக் காட்டும், மாதவிடாய்க்கு முன்னாலும் கூடும். அது தண்ணீர், கொழுப்பு இல்லை. அந்த எண்ணைப் பார்த்து அன்றைய காலை டிபனை முடிவு செய்வது வழக்கமாக இருந்தால் மெஷினைப் பரண்மேல் ஏற்றுங்கள். இன்னொன்று, இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பீரோவில் மடித்து வைத்திருக்கிற சுடிதார். இப்போது இருக்கிற உடம்புக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டு உடை வாங்கிக்கொள்ளுங்கள். இறுக்கமான ஜாக்கெட்டுக்குள் நாள் முழுக்க மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு யாரும் நிதானமாகச் சாப்பிட முடியாது.

யார் இதைத் தனியாகச் செய்யக் கூடாது

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சோதனை என்ற பெயரில் வேளையைத் தள்ளிப்போடவோ சோற்றைத் திடீரென்று குறைக்கவோ கூடாது, டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும். சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, ஒளித்து வைத்துச் சாப்பிடுவது, நாள் கணக்கில் சாப்பிடாமல் இருப்பது, இதில் ஏதாவது இருந்தால் நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு எழுதுவதே நோயை வளர்த்துவிடலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416க்குப் பேசலாம், தமிழிலேயே பேசுகிறார்கள், காசு கிடையாது.

மற்றவர்களுக்கு, பழைய வாக்கியம் ஆட்டம் கண்ட பிறகு அந்த இடத்தில் புதுசு ஒன்றை வைக்க வேண்டியிருக்கும். "நான் என் உடலை நேசிக்கிறேன்" மாதிரி காலண்டர் வாசகம் வேண்டாம், நம் வாயில் அது நிற்காது. உங்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள்: "மிச்சம் இருந்தா டப்பாவுக்கு, என் வயித்துக்கு இல்லை." "மீன் துண்டு எனக்கும் ஒண்ணு." "கேக்கு சாப்பிட்டா கேக்கு சாப்பிட்டேன், அவ்வளவுதான்." சமையலறையில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம், மாமியார் படித்துவிட்டு என்னவென்று கேட்டால் மீன் துண்டு பற்றியதை அவருக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள். ஒரு வாக்கியம் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம், சிலது மாதக்கணக்கில் இழுக்கும். அது அடங்கின பிறகு நோட்டில் அடுத்த வட்டத்துக்குப் போங்கள். ஒரே நேரத்தில் நாலையும் எடுத்தால் நாலும் அரைகுறையாக நிற்கும்.